துவக்குப் பங்கு

போன மாதம் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு அறுபதாம் பிறந்தநாள் விருந்தில் மான் இறைச்சி வைத்தார்கள். யாரோ ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்ததாம். நான் தட்டைக் கையால் மூடினேன். "சைவமோ நீங்கள்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். இல்லை. ஆடு தின்பேன், மாடு தின்பேன், பன்றியும் தின்பேன். ஒரு துறைமுகத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க மீன்தலையும் பழைய பாணும் தின்று கிடந்திருக்கிறேன். மான் மட்டும் தொண்டைக்குள் இறங்காது. காரணத்தை அந்த மேசையில் சொல்ல முடியவில்லை. உங்களுக்குச் சொல்லலாம். நீங்களும் நானும் ஒரே காலத்தில் இந்த நகரத்துக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். கவுன்சிலிலும் ஆஸ்பத்திரியிலும் தாய் தகப்பனுக்கு நடுவில் நின்று மொழிபெயர்த்தவர்கள். பெரியவர்களின் வருத்தத்தையும் அவமானத்தையும் அவர்களுக்கு முன்னமே காதில் வாங்கியவர்கள்.

எண்பதுகளின் கடைசி. நான் பத்து வயதுப் பெண்பிள்ளை. நானும் அப்பாவும் தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். வீட்டுக்கார அன்ரி மன்னார்க்காரி, வேதக்காரி. மாதா படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு சின்ன மின்விளக்கு எரியும். அறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைப்பார். புதன்கிழமை திரும்ப வந்துவிடும்.

அம்மாவும் தம்பியும் மெட்ராசில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தார்கள். அப்பாவுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, குடும்பத்தைக் காப்பாற்ற முடியும் என்று முதலாளி கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தால் அவர்களைக் கூப்பிடலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அந்த ஒரு கடதாசிக்காக ஒரு வருடம் காத்திருந்தோம். முதலாளி மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. அடுத்த கிழமை என்பான். டைப்ரைட்டர் பழுது என்பான். தம்பி நடக்கத் தொடங்கியதை நாங்கள் படத்தில்தான் பார்த்தோம். படத்தில் அவனைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது. அம்மாவின் கை. நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா வன்னியில் கடைசல் பட்டறை வைத்திருந்தவர். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் திருத்துவார். பன்றி, யானை வந்தால் சுடுவதற்கு வைத்திருக்கும் துவக்குகளும் அவரிடம்தான் வரும். இங்கே ஒரு செங்கல் கொட்டகையில் மூன்று கடைசல் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றார். அம்மாவுக்கு எழுதும்போது தொழிற்சாலை என்று எழுதுவார். கை கழுவும் தொட்டியில் சாம்பல் நிறச் சேறு கட்டியிருக்கும்; அதே தொட்டியில்தான் தேநீர்க் கோப்பைகளையும் அலம்புவார்கள். முதலாளியின் இரண்டு நாய்கள் மரத்தூளில் படுத்திருக்கும். அவன் பாணுக்கு வெண்ணெய் பூசும்போது பெருவிரலின் எண்ணெய்க் கறை அதில் பதியும். அப்படியே கடிப்பான். சனிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வீட்டில் ஆளில்லை என்று அப்பா என்னையும் கூட்டிப்போவார். உண்மையில் அவருக்கு என் இங்கிலீஷ் தேவைப்பட்டது.

அப்படியொரு சனிக்கிழமை முதலாளி ஒரு பழைய கம்பளியைப் பிரித்தான். உள்ளே ஒரு ரைபிள். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் கொள்ளும். கீழே இருக்கும் பிடியை இழுத்தால் பின்வாய் திறக்கும். ஒன்றைப் போட்டு, மூடி, சுட்டு, திரும்பத் திறக்க வேண்டும். அவன் இரண்டு தோட்டாக்களை மேசையில் நிறுத்திவைத்தான். ஒன்று என் சின்னவிரல் அளவு. மற்றது அதே பருமன்தான், ஆனால் அப்பாவின் நடுவிரலைவிட நீளம். சின்னது நரிக்கும் முயலுக்கும் போதுமாம். அவனுக்கு மான் சுட வேண்டுமாம். நீளத் தோட்டா உட்காரும்படி குழலின் பின்பக்கத்து அறையை நீட்டித்தர முடியுமா என்று கேட்டான்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா ரைபிளைத் திறந்து ரியூப் லைட்டைப் பார்த்துப் பிடித்தார். ஒரு கண்ணை மூடியிருந்தார். இந்த நாட்டுக்கு வந்தபின் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"குழல் சுத்தம். நல்ல இரும்பு. ஏலும் எண்டு சொல்லு பிள்ளை. இங்க வேலை செய்யிற மற்றவங்கள் ஒருத்தரும் வேண்டாம், நான் தனியச் செய்வன் எண்டு சொல்லு."

சொன்னேன். முதலாளி குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னான். இது நமக்குள் இருக்கட்டும். துவக்கின் அறையில் கை வைப்பதற்கு இங்கே உரிமம் வேண்டும். பொலிஸ் பிடித்தால் எனக்கு அபராதம், உன் அப்பாவுக்கு விமானம். சொல்லிவிட்டுக் கையை விமானம் மாதிரி மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தான். வாயில் முட்டை மணம்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் அப்பா ரைபிளைக் கீழே வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். வைத்தால் முதலாளி முகம் மாறும். முகம் மாறினால் கடதாசி வராது. பத்து வயதில் இதெல்லாம் ஒரு மூச்சில் ஓடும்.

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமாம்" என்றேன்.

"அதென்ன, நான் ஊருக்குப் பறையடிக்கிறவனே?" என்றார்.

மூன்று சனிக்கிழமைகள் எடுத்தன. ரீமர் என்ற சீவுகோல் தபாலில் ஒரு மரப்பெட்டிக்குள் வந்தது. அப்பா அதைக் கையாலேயே சுற்றினார். கொஞ்சம் சுற்றுவார், வெளியே எடுப்பார், துடைப்பார், எண்ணெய் விடுவார், திரும்ப உள்ளே. தலைமயிரைவிட மெல்லிய இரும்புச் சுருள்கள் துணியில் விழும். எரிந்த எண்ணெய் மணம் என் சட்டையில் ஏறி, திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்தினாள். முதலாளி எனக்கு வெடித்த தோட்டாவின் பித்தளைக் கோது ஒன்று தந்தான். அதன் வாயை உதட்டில் வைத்து ஊதினால் குயில் கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். நாக்கில் கசக்கும். இருந்தாலும் ஊதினேன்.

வேலை முடிந்த நாள் நீளத் தோட்டா உள்ளே போய் 'டிக்' என்று உட்கார்ந்தது. அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"இப்ப வடிவாச் சொல்லு. தோட்டா மாறினா வெடி போற இடமும் மாறும். முதல் கடதாசியில குறி கீறி, ஒரு பத்து வெடி வைச்சுப் பாத்துக் குறிபாக்கிற கண்ணியைத் திருத்த வேணும். அதுக்குப் பிறகுதான் மிருகம்."

நான் சொன்னேன். முதலாளி நாயின் காதைத் தடவிக்கொண்டே பதில் சொன்னான். உன் அப்பா காலில் சப்பாத்துப் போடுவதற்கு முன்னமே நான் சுடத் தொடங்கியவன் என்று சொல்.

"என்னவாம்?"

"சுட்டுப் பாக்கிறாராம்."

"அது. விளங்கிறவன்." அப்பாவுக்குப் பெரிய திருப்தி. "இதையும் சொல்லு. எங்கட பக்கத்தில மான் விழுந்தா முதல் துவக்குக்கு ஒரு பங்கு வைப்பினம். பிறகுதான் வெடி வைச்சவனுக்கு, தூக்கினவனுக்கு. துவக்கைத் திருத்தினவனுக்கு அந்தத் துவக்குப் பங்கில கை இருக்கு."

துவக்கு இறைச்சி தின்னுமா என்று முதலாளி கேட்டான். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தான். மற்ற வேலையாட்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தான். சரி சரி, பங்கு தருகிறேன் என்றான்.

"தருவாராம்" என்றேன். அதில் நான் எதையும் மாற்றவில்லை.

அன்று பஸ்ஸில் அப்பா விடாமல் கதைத்தார். கூலிக்காரனுக்குக் கூலி கொடுப்பார்கள். பங்கு கொடுப்பது கூட நிற்கிறவனுக்கு. பங்கு கொடுத்தவன் கையெழுத்து வைக்க மாட்டானா? வீட்டுக்கு வந்ததும் வெம்பிளி மாமாவுக்குப் போன் எடுத்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், வெம்பிளியில் கடையில் நிற்பவர். "மச்சான், பொஸ் எனக்கு மான் பங்கு தாறார். ரெண்டு கிழமையால வாற ஞாயிறு வா" என்றார். அன்ரியையும் கூப்பிட்டார். ஒரு வெள்ளைக்காரனின் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு விருந்துக்கு ஆள் கூப்பிட்ட மனிதர்.

இரண்டு கிழமை கழித்து முதலாளி வேட்டைக் கதையைச் சொன்னான். நீளமான மரவாங்கில் உட்கார்ந்து ஏதோ மாவுக்குள் சுற்றிய இறைச்சியைத் தின்றபடி சொன்னான். எண்ணெய் நாடியில் வழிந்தது. முதல் வெடி பின்னால் தள்ளி வயிற்றில் பட்டதாம். மான் ஓடிய வழியெல்லாம் குடல் பற்றையில் மாட்டி இழுபட்டதாம். திறந்து, அடுத்ததைப் போட்டு, மூடி இரண்டாம் வெடி வைக்க அது தாடையைப் பிய்த்துக்கொண்டு போனதாம். இருட்டிவிட்டது என்று விட்டுவிட்டு வந்தானாம். காலையில் நாய்கள் ஒரு வாய்க்கால் பள்ளத்துக்குள் கண்டுபிடித்தனவாம். அப்போதும் கண் அசைந்ததாம். அவன் அந்த மானைப்போல வாயைக் கோணலாகத் தொங்கவிட்டு நடித்துக் காட்டினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்பாவும் சிரித்தார். ஆட்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

"விழுந்ததோ?"

"விழுந்ததாம்."

"எத்தினை வெடியில?"

"ஒண்டு" என்றேன்.

அப்பா வாங்கில் ஓங்கித் தட்டினார். "எண்டை கை!"

முதலாளி நாய்கள் படுத்திருந்த மூலையிலிருந்து ஒரு கருப்புக் குப்பைப் பையை இழுத்துவந்தான். நல்ல பாகமெல்லாம் என் மைத்துனன் வீட்டு ஃப்ரீசருக்குப் போய்விட்டது என்றான். இது நாய்களுக்கு எடுத்து வைத்தது. குடல் உடைந்து கொஞ்சம் பட்டிருக்கிறது. நாய்களுக்கே அலுத்துவிட்டது. வேண்டுமென்றால் உன் அப்பா கொண்டுபோகட்டும். பங்கு கேட்டானே.

பை வாய் திறந்திருந்தது. விலா எலும்புகள், வயிற்றுப்பக்கத் தோல், அதில் ஒட்டிய மயிர். கரையெல்லாம் பச்சை. பழைய புல்லையும் மலத்தையும் சேர்த்துப் பிசைந்த மணம். ஒரு எலும்பில் நாயின் பல் பதிந்திருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கைகளை இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர்போல இரண்டையும் சேர்த்து நீட்டியபடி நின்றார்.

"துவக்குப் பங்காம் அப்பா" என்றேன்.

பஸ்ஸின் மேல்தட்டில் பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தோம். முன்னால் இருந்த பெண் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு எழுந்து கீழே போய்விட்டாள். நான் கோதை ஊதிக்கொண்டே வந்தேன். இரண்டு கிழமைக்கு முன்னர் இதே பஸ்ஸில் அவ்வளவு கதைத்த அப்பா இன்று கதைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை இறைச்சியை அவரே வெட்டினார். அன்ரி உதவிக்கு வர, "இது பொம்பிளையள் வெட்டுற இறைச்சி இல்லை அக்கா, நீங்கள் உள்ளுக்கை இருங்கோ" என்று அனுப்பிவிட்டார். பின்வளவுக் குழாயடியில் குளிரில் குந்தியிருந்து உப்பு, மஞ்சள், வினாகிரி போட்டு மூன்று தரம் கழுவினார். தண்ணீர் பச்சையாக ஓடியது. வெட்டி எறிந்தது அதிகம், சட்டியில் போட்டது குறைவு. எறிந்ததைக் கடதாசியில் சுற்றி, அதை இன்னொரு கடதாசியில் சுற்றி, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். எங்களுடையதில் போடவில்லை. யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

சட்டியில் கறித்தூள் விழுந்ததும் வீடு முழுக்க ஒரு மணம் எழுந்தது. மேலே மிளகாய், கீழே அதுதான்.

"யேசுவே, என்ன தம்பி இந்த நாத்தம்?" என்றா அன்ரி.

"காட்டு மிருகம் அக்கா. கொஞ்சம் கவிச்சிதான். ஆட்டை மாதிரி எண்டு நினைச்சிட்டியளோ?"

வெம்பிளி மாமா கோட்டுப் போட்டு வந்தார். "மச்சான், லண்டனில மான் தின்னுற முதல் யாழ்ப்பாணத்தான் நீதான்" என்றார்.

"நான் யாழ்ப்பாணத்தானில்லை, வன்னியான். அதுதானே மான் கிடைச்சது. உங்களுக்கெண்டால் காய்ஞ்ச பனங்கிழங்கு ஒடியல்தான் தந்திருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா முதல் துண்டைக் கன நேரம் மென்றார். "கொஞ்சம் பழசோ?"

"இறைச்சி பழசில்லை. உன்டை நாக்குப் பழசு."

திரும்பச் சிரிப்பு. மாமா விழுங்கினார். அன்ரி சிலுவை போட்டுவிட்டு விழுங்கினா. அப்பா சட்டியோடு சுற்றிச் சுற்றி வந்து வைத்தார். அவர் சாப்பிடவில்லை. "சமைச்சவனுக்கு மணத்திலயே வயிறு நிறைஞ்சிடும்" என்றார். அந்த மணத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னார். என் தட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா முகம் வழித்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கிறீஸ் பிடித்த மேலங்கிக்குள் கழுத்துப்பட்டி. "இப்ப கேள் பிள்ளை, கடிதத்தை" என்றார்.

கேட்டேன். என்ன கடிதம் என்றான் முதலாளி. ஓ, அதுவா. ஓடர் குறைவாக இருக்கிற நேரம் நிரந்தர வேலை என்று எழுத எனக்கென்ன பைத்தியமா.

அப்பா சிரித்த முகத்தோடு நின்றார். "என்னவாம்?"

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. முதலாளியிடம் சொன்னேன்: கடிதம் இன்றைக்கே வேண்டுமென்று அப்பா சொல்கிறார். இல்லாவிட்டால், தெரு கடக்கப் பழக்குவதற்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிற பொலிஸ்காரரிடம் துவக்கைப் பற்றி என்னைச் சொல்லச் சொல்கிறார்.

முதலாளி என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நான் எது சொன்னாலும் பின்னால் நின்று தலையாட்டுவது அவர் பழக்கம். அந்தச் சிரிப்பு அவனுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவன் கழுத்து சிவந்தது. உள்ளே போனான். இரண்டு விரலால் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. கடதாசியை மேசையில் எறிந்துவிட்டுப் போனான்.

"பாத்தியே?" என்றார் அப்பா. "பங்கு தந்தவன் கையெழுத்தும் வைப்பான் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

அம்மாவும் தம்பியும் அடுத்த வசந்தத்தில் வந்தார்கள். தம்பி என்னைக் கண்டு அழுதான். அவர்கள் வந்த மூன்றாம் மாதம் முதலாளி அப்பாவை நிற்பாட்டினான். அப்பா பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் எடுத்தார். துவக்கைப் பிறகு தொடவில்லை. ஆனால் யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தத் துவக்குக் கதையைச் சொல்வார். ஒரே வெடி, ஒரு பங்கு, ஒரு கடிதம். நான் எழும்பி வெளியே போய்விடுவேன். பதினைந்தில் பள்ளிக்கூடம் விட்டேன், பதினேழில் வீட்டை விட்டேன். ஹோட்டல் சமையலறை, கோழி பொதி செய்யும் இடம், படகு, திராட்சைத் தோட்டம். எங்கேயும் ஒரு வருடம் தங்கியதில்லை. பித்தளைக் கோதும் எங்கேயோ ஒரு விடுதிக் கட்டிலுக்குக் கீழே போயிற்று.

அப்பா தொண்ணூறுகளின் கடைசியில் இறந்தார். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, உங்களுக்குத் தெரியும், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். வெம்பிளி மாமா தலை நரைத்துத் தடியோடு வந்திருந்தார். "மச்சானுக்கு மான் எண்டால் உயிர். எங்கையாவது எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. மாமா வெளியே போனபிறகு என்னிடம் சொன்னா. "அந்த விருந்துக்குப் பிறகு அவருக்கு மான் மணமே ஆகாது. அந்தப் பொஸ் நாய்க்கு வைச்சதையெல்லோ குடுத்தவன். பையைக் கையில வாங்கினவுடனயே அவருக்கு விளங்கிப் போச்சாம். எத்தினை மானை உரிச்ச மனுசன், குடல் உடைஞ்ச மணம் தெரியாதோ? ஆக்களைக் கூப்பிட்டிட்டன், இனி என்ன செய்யிறது எண்டு சமைச்சவராம். உனக்குத் தெரியக்கூடாது எண்டுதான் வாயே திறக்கேல்லையாம். பிள்ளை சந்தோசமா மொழிபெயர்த்தவள், அவளுக்கு அது நாய்ச்சாப்பாடு எண்டு தெரியாது எண்டு எனக்குச் சொல்லுவார். அவ்வளவு பாசம்."

அம்மாவின் கண் கலங்கியிருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம். நான் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு தொட்டியைப் பிடித்தபடி நின்றேன்.

பாசம் என்று நீங்களும் சொல்வீர்கள். எனக்கு அந்தச் சொல் ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளைக்காரன் நாய்க்கு வைத்ததை நாங்கள் தின்றோம். அது அல்ல எனக்கு அருவருப்பு. அவன் எங்களைத் தின்ன வைக்கவில்லை. தின்றிருக்கிறோமா என்று கேட்கக்கூட இல்லை. அந்த ஞாயிறு அவன் எங்கேயோ படுத்துத் தூங்கியிருப்பான். அன்ரிக்கும் மாமாவுக்கும் அதை வைத்தவர்கள், அது என்னவென்று தெரிந்த இரண்டு பேர்: அப்பாவும் நானும்.

என் தட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். மற்றவர்களுக்கு வைத்துவிட்டு அப்பா என்னிடம் வந்தார். சட்டியைக் கிளறி, எலும்பில்லாத இரண்டு துண்டு பார்த்து எடுத்து வைத்தார். பக்கத்திலேயே நின்றார். நான் தின்னாவிட்டால் அது நாய்க்கு வைத்தது என்று அவருக்கு விளங்கிவிடும் என்று பயந்தேன். ஆகவே தின்றேன். புல் மணம் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு துண்டு வைக்கவோ பிள்ளை?"

"ஓம் அப்பா, வையுங்கோ" என்று தட்டை நீட்டினேன். அவர் வைத்தார்.